சேலம் கருப்பூரில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேரலாமா, சென்னைக்கே போய்விடலாமா?

வீடு ஏற்காட்டில், தங்கை பி.எஸ்சி. ஜியாலஜி (நிலவியல்) கடைசி வருஷம், ‘கருப்பூர் யுனிவர்சிட்டி சின்னது, வெளியே பேர் எடுபடாது’ என்று சொந்தக்காரர்கள் குழப்புகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஓமலூர்க்காரன். இதே பல்கலைக்கழகத்தில் ஜியாலஜிதான் படித்தேன். அதனால் ஊர்ப் பாசம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள். வேறு பாடமென்றால் யோசிக்கச் சொல்வேன். ஜியாலஜிக்குத் தாராளமாகச் சேர்க்கலாம்.

காரணம் நாம் நிற்கிற மண்தான். கருப்பூரைச் சுற்றியே வெள்ளைக்கல் குவாரிகள். கரும்பச்சை டூனைட் பாறைக்குள் மேக்னசைட் என்கிற அந்த வெள்ளைக்கல் நரம்பு நரம்பாக ஓடும். உடைத்த முகம் பீங்கான் மாதிரி வழவழவென்றிருக்கும், நுனிநாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்புக்கல்லில் ஆசிட் விட்டால் உடனே பொங்கும். இதில் விட்டால் சும்மா கிடக்கும், ஆசிட்டைச் சூடாக்கினால்தான் நுரைக்கும். எஃகு உலைக்குள் அடுக்கும் செங்கல்லுக்குப் போகிற கல் இது. மற்ற ஊர்ப் பிள்ளைகள் இதைப் பார்க்க ரயிலேறி டூர் வருகிறார்கள்.

உங்கள் மலை மட்டும் என்ன? சேர்வராயன் முழுக்கச் சார்னோக்கைட் என்கிற பாறை. உச்சிப் பகுதியில் அலுமினியத் தாதுவான பாக்சைட். ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அங்கிருந்துதான் லாரி இறங்கியது.

இன்னொன்று, இதைச் சொந்தக்காரர்களிடம் மறக்காமல் சொல்லுங்கள். சந்திரயான் லேண்டரை இறக்கிச் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண் மாதிரி ஒன்று டன் கணக்கில் வேண்டியிருந்தது. அதற்கான அனார்த்தோசைட் என்ற பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் கிடைத்தது. அந்த வேலையில் கூட நின்றது இந்தச் ‘சின்ன’ யுனிவர்சிட்டியின் ஜியாலஜித் துறை.

சின்னது என்பதும் முழுப் பொய்யில்லை. 1997இல் வந்ததுதான். அதுவரை இந்தப் பக்கத்துக் கல்லூரிகளெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. இப்போது சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கு மாவட்டத்துக்கும் இதுதான். வீட்டில் முதல் ஆளாக டிகிரி வாங்குகிற பிள்ளைகள்தான் வகுப்பில் நிறைய. தமிழில் சந்தேகம் கேட்டால் யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை. கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்குத் தர மதிப்பீடு போடும் நாக் (NAAC) 2021இல் ஏ++ கொடுத்தது. ஆனால் அந்தக் கிரேடைப் பார்த்து எந்தக் கல்லூரியிலும் சேராதீர்கள். துறைக்கு நேரில் போய், நிரந்தரப் பேராசிரியர் எத்தனை பேர், ஃபீல்டுக்கு வருஷத்தில் எத்தனை தடவை கூட்டிப் போகிறார்கள், இந்த இரண்டையும் சீனியர்களிடம் கேளுங்கள்.

கேம்பஸ் இன்டர்வியூவை நம்பி மட்டும் வர வேண்டாம். இந்தப் படிப்புக்கு வேலை பெரும்பாலும் தேர்வு வழியாகத்தான்: யுபிஎஸ்சி நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு, கேட் (GATE) தேர்வு, டிஎன்பிஎஸ்சி. முதல் செமஸ்டரிலேயே தயாராக ஆரம்பித்தால்தான் உண்டு. கம்ப்யூட்டர், மேனேஜ்மென்ட் என்றால் கதை வேறு. இன்டர்ன்ஷிப்புக்குக் கம்பெனிகள் பக்கத்தில் இருக்கிற சென்னை, கோவைக்கே அனுப்பச் சொல்வேன்.

தினமும் மலையிலிருந்து வந்து போகிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் பஸ் மாறி, கருப்பூர் போய்ச் சேரும்போதே பாதி உயிர் போய்விடும். ஃபீல்டு முடிந்து வர இருட்டினால் கடைசி பஸ்ஸும் போயிருக்கும். ஹாஸ்டல்தான் சரி. செலவை யோசித்துத் தொலைநிலைக் கல்விக்கு மாறலாம் என்று யாராவது சொன்னால், எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் அந்தப் படிப்பு அந்த வருஷத்து யுஜிசி பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ஜியாலஜியை வீட்டிலிருந்து படிப்பதே வீண் என்பது என் கட்சி.

நீங்கள் மலையாளி சமூகமாக (கேரளக்காரர்கள் இல்லை, இந்த மலைப் பழங்குடியினர்) இருந்தால் எஸ்.டி. சான்றிதழ் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) கையெழுத்தோடு இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். அட்மிஷனுக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். இல்லையென்றால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் விண்ணப்பித்துவிடுங்கள்.