உறைபனிக் குளிரில் வாகன பேட்டரியைச் சூடாக வைத்திருப்பது எப்படி?

வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே இறங்கும் இரவுகளில் பேட்டரியைப் போர்வையால் சுற்றி வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை; இருக்கும் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துவதோடு சரி. இரவு முழுவதும் நிற்கும் வண்டியில், விடிவதற்குள் பேட்டரியும் ஏறக்குறைய வெளிக்காற்றின் குளிருக்கே வந்துவிடும்.

பெட்ரோல், டீசல் வண்டிகளில் வழக்கமாக இருக்கும் ஈய அமில பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாவதால், மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் அதன் திறன் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. எஞ்சின் ஆயிலும் கெட்டிப்படுவதால், ஸ்டார்ட்டர் மோட்டாரோ வழக்கத்தைவிட அதிக மின்னோட்டத்தைக் கேட்கிறது. எனவே அருகில் மின் இணைப்பு இருந்தால், பேட்டரியைச் சுற்றிக் கட்டும் மின்சூடேற்றி உறையோ அடியில் வைக்கும் சூடேற்றித் தகடோ பொருத்துவதே சரியான வழி.

சூட்டைவிட முக்கியமானது சார்ஜ் என்பேன். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியின் அமிலக் கரைசல் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழேதான் உறையும். முற்றிலும் சார்ஜ் இறங்கியதில் கரைசல் வெகுவாக நீர்த்துப்போவதால், மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடலாம். பக்கங்கள் புடைத்திருக்கும் பேட்டரியில் சார்ஜரையோ, இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்க உதவும் ஜம்பர் கேபிளையோ மாட்டவே கூடாது, அது வெடிக்கக்கூடும்.

மின்சார வாகனங்களின் லித்தியம் அயான் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் செய்தால், கிராஃபைட் மின்முனையின் மேல் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் விளையும். பெரும்பாலான வண்டிகள் இதைத் தாமாகவே தடுத்துக்கொள்கின்றன என்றாலும், இரவில் சார்ஜரில் இணைத்தே வைத்து, புறப்படும் நேரத்தை முன்கூட்டியே பதிந்துவிட்டால், பேட்டரியைச் சூடாக்கும் மின்சாரம் அதன் சேமிப்பிலிருந்து போகாமல் சுவரிலிருந்தே வரும்.