வெளியில் வாங்கி காருக்கு மாட்டும் ஏர் இன்டேக் உண்மையிலேயே பவரைக் கூட்டுமா?

இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயும், அதன் முனையில் உள்ள ஃபில்டரும் சேர்ந்ததுதான் ஏர் இன்டேக். கம்பெனி தருவதைக் கழற்றிவிட்டு, அகலமான, வளைவு குறைந்த குழாயும் காற்றை எளிதில் விடும் ஃபில்டரும் மாட்டுகிறார்கள்.

1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். ஆக, பவரைக் கூட்ட முதலில் காற்றைக் கூட்ட வேண்டும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கரைவலை இழுத்துப் பாருங்கள், கையில் தெம்பிருந்தும் மூச்சு வாங்கும். இன்ஜினின் நிலைமையும் அதேதான்.

காற்றின் சூடும் முக்கியம். பானட்டுக்குள் 60 டிகிரியில் கிடக்கும் காற்று, வெளியே 30 டிகிரியில் இருப்பதைவிட சுமார் 9 சதவீதம் அடர்த்தி குறைந்தது. திறந்த ஃபில்டரை இன்ஜின் பக்கத்திலேயே மாட்டினால் காசுதான் வீண். வெளிக்காற்றை இழுக்க வேண்டும். அதற்காக பம்பருக்குக் கீழே கொண்டுபோனால், ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிவிடும். இன்ஜினுக்குப் பெரிய செலவு.

நம் கரையோரத்தில் இன்னொன்று: மணல். தனுஷ்கோடி, அரிச்சல்முனை ரோட்டில் காற்றடித்தால் தாரின் மேலேயே மணல் ஓடும். காற்றைத் தாராளமாக விடும் ஃபில்டர் பலவும் பொடி மணலையும் விட்டுவிடும். அது சிலிண்டர் சுவரைத் தேய்க்கும். இங்கே ஓட்டுபவர்களுக்கு நான் கம்பெனி ஃபில்டரையே சொல்வேன், அடிக்கடி மாற்றிக்கொண்டு. டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத சாதாரண காரில் கிடைக்கும் லாபமும் சொற்பம்தான், அதுவும் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது.

மாட்டியதும் கேட்கும் அந்த உறுமலைப் பவர் என்று நினைப்பவர்கள் அதிகம். அது சத்தத்தை அடக்கும் பெட்டியைக் கழற்றியதால் வருவது.