வாசகர் கேள்வி – பதில்: விடுபட்ட வினாக்கொத்துகள்

கேள்வி: சமூகவியல் ஆய்வேட்டுக்காகக் குச்சவெளிப் பகுதியில் கரைவலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 60 வினாக்கொத்துகள் கொடுத்தேன். பருவம் முடிந்து பலர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பிவிட்டதால் 41 மட்டுமே கிடைத்தன. மீதியை நாமே நிரப்பிவிடலாம், இது மருந்துப் பரிசோதனை அல்லவே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆய்வு நேர்மை மருத்துவத் துறைக்கு மட்டும் உரியதா?
– இறுதியாண்டு மாணவி, நிலாவெளி

பதில்: தயவுசெய்து ஒன்றைக்கூட நிரப்பாதீர்கள். ஆய்வு அறம் என்றதும் மருத்துவம் நினைவுக்கு வருவதற்குக் காரணம் உண்டு. 1947இன் நியூரம்பேர்க் நெறிகளும் 1964இன் ஹெல்சிங்கிப் பிரகடனமும் மனித உடல்மீது நடத்தப்படும் ஆய்வுகளைக் கருத்திற்கொண்டே எழுதப்பட்டன. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட கறுப்பின ஆண்களுக்குப் பென்சிலின் கிடைத்த பின்னரும் அதைக் கொடுக்காமல் நோயின் போக்கை மட்டும் கவனித்து வந்த கொடுமையும் அத்துறையிலேயே நடந்தது.

ஆனால் இல்லாத தரவை உண்டாக்கும் குற்றத்துக்குத் துறை வேறுபாடு கிடையாது. நெதர்லாந்தின் சமூக உளவியலாளர் டீடரிக் ஸ்டாபெல் செய்தது ஏறத்தாழ உங்கள் நண்பர்கள் சொல்வதைத்தான்: எவரிடமும் கேட்காத கேள்விகளுக்குத் தாமே விடைகளை எழுதிக்கொண்டார். அவரது குழுவிலிருந்த இளம் ஆய்வாளர்கள் ஐயம் எழுப்ப, 2011இல் அது வெளிப்பட்டு, ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. அவர் கொடுத்த தரவு போலியென்று அறியாமல் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிய மாணவர்களின் நிலையை நினைக்கும்போதுதான் எனக்கு மனம் பொறுப்பதில்லை. இயற்பியலில் தரவைப் புனைந்த ஹென்ட்ரிக் ஷோன் அகப்பட்டது, வெவ்வேறு பரிசோதனைகளுக்கு உரியவை என்று காட்டிய வரைபடங்களில், ஒவ்வொரு முறையும் வேறுபட வேண்டிய தற்செயலான இரைச்சல் கோடு ஒன்றாகவே இருந்ததால். நோயாளி எவரும் பாதிக்கப்படவில்லை. எனினும் அதே பரிசோதனைகளைத் தாமும் செய்து அந்த முடிவுகளை எட்ட முயன்ற ஆய்வுகூடங்களின் உழைப்பு வீணாயிற்று.

உங்கள் ஆய்வில் இதைவிட நுட்பமான ஓர் ஆபத்தும் இருக்கிறது. கிடைக்காமற்போன 19 குடும்பங்களும் ஏனைய 41ஐப் போன்றவை அல்ல. அவை பெரும்பாலும் பருவத்துக்கு வந்து போகிறவை. அவற்றின் கடன், வருமானம், பிள்ளைகளின் படிப்பு எல்லாமே ஊரோடு தங்கியிருப்போருடையவற்றிலிருந்து வேறுபட்டிருக்கக்கூடும். தங்கியிருப்போரின் விடைகளைப் பார்த்து நீங்கள் நிரப்பினால், அந்த மக்களை உங்கள் ஆய்வே அழித்துவிடும். நாளை அந்த ஆய்வேட்டை நம்பி யாராவது உதவித்திட்டம் வகுத்தால் விடுபடப்போகிறவர்களும் அவர்களே. 60 கொடுத்தேன், 41 கிடைத்தன, கிடைக்காதவை பெரும்பாலும் வந்து போகும் குடும்பங்களுடையவை, ஆகவே என் முடிவுகள் தங்கியிருப்போருக்கே பொருந்தும் என்று ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் எழுதுங்கள். நேர்மையான தேர்வாளர் அதற்காகப் புள்ளியைக் குறைக்கமாட்டார்.

கேள்வி: ஆழிப்பேரலை பற்றிய வாய்மொழி வரலாற்றுக்காக ஒரு முதிய தாயாரின் நினைவுகளைப் பதிவு செய்தேன். ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்ட அவர், இப்போது ஒரு பகுதியை நீக்கச் சொல்கிறார். கையொப்பம் இருக்கும்போது நான் நீக்கத்தான் வேண்டுமா?
– ஆசிரியர், மூதூர்

பதில்: நீக்குங்கள். ஒப்புதலை எப்போதும் மீளப்பெறலாம், அதற்காக அவருக்கு எந்தக் கெடுதலும் நேரக்கூடாது என்பது ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் நெறி. அது மருத்துவ ஆய்வுக்கென எழுதப்பட்டாலும் வாய்மொழி வரலாற்றுக்கும் நியாயமானதே. நீக்கிய இடத்தை உங்கள் சொற்களால் ஒட்டிவிடாமல், அங்கே ஒரு பகுதி விடப்பட்டுள்ளது என்று குறியுங்கள். இன்னொன்றும் உண்டு: சிறிய ஊரில் பெயரை மாற்றுவது மட்டும் காப்பாகாது. எத்தனை பிள்ளைகளை இழந்தார், வீடு எந்தக் கோயிலுக்கு அருகில் என்று எழுதினாலே ஊரார் அறிந்துகொள்வர். வெளியிடுமுன் அவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: என் கட்டுரையில் எந்த வேலையும் செய்யாத இருவரின் பெயரைச் சேர்க்கும்படி என் மேற்பார்வையாளர் சொல்கிறார். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், திருகோணமலை

பதில்: சேர்ப்பது தவறு. மருத்துவ ஆய்விதழ்களின் பதிப்பாசிரியர்கள் வகுத்து, வேறு பல துறைகளிலும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படும் விதியின்படி, ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்றல் ஆகிய நான்கும் உள்ளவரே ஆசிரியர். பண உதவி பெற்றுத் தந்தவருக்கும் பொதுவான மேற்பார்வை மட்டும் செய்தவருக்கும் உரிய இடம் நன்றியுரை. மேற்பார்வையாளரிடம் நேரே மறுப்பது உங்களுக்குக் கடினம் என்பதை அறிவேன். ஆகவே, அனுப்பவிருக்கும் ஆய்விதழின் ஆசிரியர் விதிகளை அச்சிட்டு எடுத்துச்சென்று, "ஐயா, ஒவ்வொருவருடைய பங்கையும் எழுதித் தரும்படி கேட்கிறார்கள், இவ்விருவருக்கும் என்ன எழுதுவது?" என்று பணிவாகக் கேளுங்கள். அப்போதும் வற்புறுத்தினால், துறைத் தலைவரிடம் எழுத்தில் முறையிட்டு, பிரதியொன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.