முட்டிவலி மாமனாருக்கும் கடல் கேட்கும் பிள்ளைக்கும் எந்த ஊர்?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் விடுமுறைப் பயணம் பற்றி வந்த ஐந்து கேள்விகளுக்கு இம்முறை பதில்.

கேள்வி: தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறேன். டிசம்பரில் மூன்று நாள் குடும்பத்தோடு போக ஆசை. பிள்ளைகள் கடல் கேட்கிறார்கள். மாமனாருக்கு முட்டிவலி. மனைவிக்குக் கோயில் இருந்தால் நல்லது. எனக்குத் தூங்கி எழுந்தால் போதும். ரெடாங் தீவு அழகு என்கிறார்களே, போகலாமா?

பதில்: டிசம்பரில் ரெடாங் வேண்டவே வேண்டாம். நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று பிப்ரவரி வரை கிழக்குக் கரையைப் புரட்டிப் போடும். ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் தீவுகளில் விடுதிகள் பலவும் அந்த மாதங்களில் மூடிக்கிடக்கும். கடல் கொந்தளித்தால் படகும் ஓடாது. மலிவாக அறை கிடைத்தது என்று முன்பணம் கட்டியவர்கள் படகுத்துறையோடு திரும்பி வருவது இதனால்தான். அந்தத் தீவுகளை ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பங்கோர் தீவு பொருந்தும். நாட்டின் நடுவே தித்திவாங்சா மலைத்தொடர் மறைத்து நிற்பதால் மேற்குக் கரையில் அந்தக் காற்றின் வேகம் தெரியாது. மாலையில் மழை வரலாம், ஆனால் காலைப் பொழுது பெரும்பாலும் கைகொடுக்கும். லங்காவி டிசம்பரில் இன்னும் நல்ல வெயிலாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலப் பெர்லிஸ் வரை காரில் போய், காத்திருந்து, படகேறி, தீவில் இன்னொரு வண்டி பிடித்து அறை சேர்வதற்குள் ஒரு நாள் போய்விடும். திரும்புவதற்கு இன்னொரு நாள். மூன்று நாள் பயணத்துக்கு எங்கள் கணக்கு இது: வீட்டுக் கதவிலிருந்து அறைக் கதவு வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. பங்கோருக்குப் படகேறும் லூமுட், ஈப்போ வழியாக இரண்டு மணி நேரம்தான்.

காரை லூமுட்டில் கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் படகேறுங்கள். படகு முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கும். புதிதாக வருபவர்கள் அதையே பங்கோர் என்று நினைத்து மூட்டையோடு இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் இறங்க வேண்டியது அடுத்த துறையான பங்கோர் பட்டணத்தில். அங்கிருந்து இளஞ்சிவப்பு வேன்கள் மேற்குப் பக்கத்துக் கடற்கரைகளுக்குப் போகும். ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். பாசிர் போகாக் பட்டணத்துக்குப் பக்கம், தெலுக் நிப்பா சற்றுத் தள்ளி. பிள்ளைகளுக்கும் மாமனாருக்கும் தெலுக் நிப்பா நல்லது. அவர் நிழலில் உட்கார்ந்தபடியே இருவாட்சிப் பறவைகளைப் பார்க்கலாம்.

அறை எடுக்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். கீழ்த்தள அறையா, உட்காரும் கழிவறையா, குளியலறை வாசலில் படி உண்டா என்ற மூன்றையும் கேளுங்கள். முட்டிவலிக்காரருக்கு நீண்ட நடையைவிட வழுக்கும் குளியலறைப் படிதான் ஆபத்து. படகில் ஏறும்போதும் அவரைக் கடைசியாக ஏற்றுங்கள், கூட்டம் இடிக்காது. மாசி மகத்துக்குப் பெயர்பெற்ற காளியம்மன் கோயில் அந்தத் தீவில்தான் இருக்கிறது. பத்துமலையின் 272 படியையும் பினாங்கு தண்ணீர்மலையின் 513 படியையும் நினைத்து மாமனார் பயப்பட வேண்டியதில்லை.

ஒரு பொழுதில் ஒருவருடைய ஆசை மட்டும் என்று பிரித்துவிடுங்கள். காலையில் எல்லோரும் கடல், மாலையில் மனைவிக்குக் கோயில், மதியம் உங்களுக்குத் தூக்கம். எல்லாவற்றையும் ஒரே காலையில் திணித்தால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது. விடுப்பைப் பொறுத்தவரை, வேலைச் சட்டப்படி வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு ஆண்டுக்கு 8 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 12, அதற்கு மேல் 16. வார ஓய்வு நாளோடு ஒட்டி எடுத்தால் இரண்டு நாள் விடுப்பிலேயே மூன்று நாள் கிடைக்கும்.

கேள்வி: வயது 22. கார் இல்லை. தனியாக முதல் பயணம் போக வேண்டும், நிறைய நடக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும். அம்மா பயப்படுகிறார்.

பதில்: தங்கச்சி, நடக்கப் பிடித்தவருக்குப் பினாங்கின் ஜார்ஜ் டவுனைப் போல வசதி வேறு இல்லை. 2008இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய ஊர். கோயிலும் மசூதியும் சீனக் கோயிலும் தேவாலயமும் ஒரு காலைநடைக்குள் அடங்கும். 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில் லெபோ குயினில் இருக்கிறது. சுற்றிலும் நம் கடைகள், அதனால் பசியாறலுக்கு அலைய வேண்டாம்.

மின்ரயிலில் பட்டர்வொர்த் போங்கள். எல்லா ரயிலும் சுங்கை சிப்புட்டில் நிற்பதில்லை. இருக்கை கிடைக்காவிட்டால் கோலக்கங்சாரையோ ஈப்போவையோ பாருங்கள். நீண்ட வார இறுதிக்கு இருக்கைகள் முன்பே தீர்ந்துவிடும், கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போகலாம்.

நேரத்தை இப்படி வையுங்கள்: காலை 7 முதல் 10:30 வரை நடை, வெயில் ஏறியதும் உள்ளே பார்க்கும் இடங்கள், நான்கரைக்கு மேல் மறுபடி தெரு. மதிய வெளிச்சம் வெள்ளையடித்துவிடும், படமும் நன்றாக வராது. இரண்டாம் நாள் 204ஆம் எண் பஸ்ஸில் பினாங்கு மலை ரயிலடிக்குப் போகலாம், அல்லது 101இல் தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுக்கு. இரண்டையும் ஒரே நாளில் செய்ய முயல்பவர்கள் பஸ் ஜன்னலைத்தான் பார்க்கிறார்கள்.

அம்மாவுக்காக மூன்று காரியம் செய்யுங்கள். வெளிச்சத்தில் ஊர் சேருங்கள். பெண்களுக்கான தனிப் படுக்கையறையும் பூட்டுள்ள பெட்டியும் உள்ள விடுதியாகப் பாருங்கள். விடுதி முகவரியை வீட்டில் எழுதிக்கொடுத்து, தினமும் ஒரே நேரத்தில் அழையுங்கள். பை 7 கிலோவுக்குள் இருக்கட்டும். கனமான பைதான் நடக்கப் பிடித்தவரையும் வாடகைக் காரில் ஏற்றிவிடும்.

கேள்வி: ஓய்வுபெற்ற தம்பதி நாங்கள். பத்து நாளில் தமிழ்நாட்டில் 25 கோயில் என்று ஒரு பயண முகவர் விளம்பரம் செய்கிறார். சேரலாமா?

பதில்: ஐயா, அம்மா, எண்ணிக்கையைப் பார்த்துச் சேராதீர்கள். தமிழ்நாட்டுக் கோயில்களில் பெரும்பாலானவை மதியம் 12 மணிவாக்கில் நடை சாத்தி, மாலை 4 மணிவாக்கில்தான் திறக்கும். அதனால் நாளுக்கு இரண்டு பொழுதுதான் கையில். 25 கோயிலைக் காட்டும் வண்டி, சன்னிதியில் பத்து நிமிடம் கூட உங்களை நிற்க விடாது. நின்று கும்பிட வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசையென்றால், காலையில் ஒன்று அல்லது இரண்டு, மாலையில் ஒன்று, அவ்வளவே.

பத்து நாளுக்கு ஒன்பது இரவு. திருச்சியில் இறங்கி இரண்டு இரவு: திருவரங்கம், திருவானைக்காவல். கும்பகோணத்தில் மூன்று இரவு. போகும் வழியில் தஞ்சைப் பெரிய கோயில், 1010இல் ராஜராஜன் கட்டிமுடித்தது. அதன் முற்றம் திறந்த கல்தரை, வெயிலில் வெறுங்காலோடு நிற்க முடியாது, மாலை 5க்கு மேல் போங்கள். கும்பகோணத்துக்கு அருகே தாராசுரம், சுவாமிமலை. சுவாமிமலைக்கு 60 படி, கைப்பிடித்து நிதானமாக ஏறலாம். பிறகு மதுரையில் மூன்று இரவு, கடைசி இரவு மறுபடி திருச்சி. ஊர்விட்டு ஊர் போகும் நீண்ட பயணத்தை நடை சாத்தியிருக்கும் மதியத்தில் வைத்தால் தரிசன நேரம் வீணாகாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே மழைக்காலம், ஏப்ரல் முதல் ஜூன் வரை கொளுத்தும். பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும்தான் உங்கள் வயதுக்கு ஏற்றவை.

கடப்பிதழ் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். 60 வயதைத் தாண்டியவருக்குப் புதுப்பிக்க 100 ரிங்கிட். இந்திய மின்விசாவுக்கு இரண்டு வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். முகவரி ‘ஜிஓவி டாட் ஐஎன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள், போலித் தளங்கள் கூடுதல் பணம் பிடுங்குகின்றன. டிக்கெட்டிலும் விசாவிலும் பெயர் கடப்பிதழில் உள்ளபடி இருக்கட்டும். நம் பெயர்களில் மகன், மகள் என்பதைக் குறிக்க வரும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ சாய்கோட்டைப் பல படிவங்கள் ஏற்பதில்லை. எப்படி எழுதுவது என்று பணம் கட்டும் முன் விமான நிறுவனத்திடமே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நண்பர்கள் நால்வர். சாப்பாடும் கடைத்தெருவும்தான் குறி. தெற்குத் தாய்லாந்தின் ஹாஜாய் சரிவருமா?

பதில்: சரிவரும். பாடாங் பெசார் வரை மின்ரயிலில் போய், எல்லை தாண்டித் தாய்லாந்து ரயில் பிடிக்கலாம். அந்த ரயில் நாளில் சில முறைதான் ஓடும், முதலில் அதன் நேரத்தைப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள். தாய்லாந்துக் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது, திரும்பும் ரயிலைத் தவறவிடுபவர்கள் இதை மறந்தவர்களே. 2025 மே 1 முதல் மின்வருகை அட்டை கட்டாயம். போய்ச்சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் இலவசமாக நிரப்பலாம்.

கேள்வி: கேமரன் மலைக்குப் போகிறோம். தாப்பா பாதையா, சிம்பாங் பூலாய் பாதையா? சின்னவள் வாந்தி எடுப்பாள்.

பதில்: சிம்பாங் பூலாய். உங்களுக்கு அதுதான் பக்கம், அகலமான பாதை, வளைவும் குறைவு. அந்தப் பக்கம் ஏறினால் கம்போங் ராஜா, கோல தெர்லா, திரிங்காப், கியா ஃபார்ம், பிரிஞ்சாங், தானா ராத்தா என்ற வரிசையில் வரும். விடுமுறை நாளில் கியா ஃபார்முக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையில்தான் வண்டிகள் நகராது. சந்தையும் காய்கறித் தோட்டமும் போதுமென்றால் திரிங்காப்பில் தங்கி, சந்தைக்கு விடியற்காலையிலேயே போய்விடுங்கள். தேயிலைத் தோட்டத்தில் நடப்பதும் காட்டுப் பாதையும் வேண்டுமென்றால் தானா ராத்தாவில் தங்கி, வார நாளில் ஏறுங்கள். சின்னவளுக்கு மருந்தகத்தில் வயதைச் சொல்லி மாத்திரை வாங்கி, மலையேறுவதற்கு அரை மணி முன்பு கொடுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம், இரண்டு துண்டு ரொட்டி போதும். கைப்பேசியைப் பார்க்க விடாமல், பாதை தெரியும்படி நடு இருக்கையில் உட்கார வையுங்கள்.