நீல மக்பையை முதலில் காதால் தேடுங்கள்

கேள்வி: நாங்கள் திருகோணமலை உப்புவெளி. ஒகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளோடு ஹோட்டன் சமவெளிக்குப் போனோம். நீலமும் செம்பழுப்புமாக இருக்குமே அந்த நீல மக்பைப் பறவை, கண்ணில் படவே இல்லை. அடுத்த முறை என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மாதத்தை மாற்றுங்கள். திருகோணமலையில் ஒகஸ்ட் என்றால் வெயிலும் அமைதியான கடலும். அங்கேயோ தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி, சுமார் 2,100 மீற்றர் உயரத்தில் இருக்கும் அந்தச் சமவெளியை அடிக்கடி மேகத்தால் மூடிவிடும். நம் ஊர் வானத்தைப் பார்த்து மலைக்கு நாள் குறிக்கக் கூடாது. பெப்ரவரி, மார்ச்சில் போங்கள். விடியற்காலைக் குளிர் கடுமைதான், ஆனால் வெளிச்சம் கிடைக்கும்.

சரி, இவ்வளவு நிறமுள்ள பறவை ஏன் தெரியவில்லை? அளவில் நம் வேலியோரச் செண்பகத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. இறக்கையிலும் அதே செம்பழுப்பு. உடல் நீலம், அலகு, கால், கண்வளையம் எல்லாம் சிவப்பு. ஆனால் அந்த நீலம் சாயம் அல்ல, இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறுவதால் வருவது. வெளுத்த மேகத்துக்கு எதிரே உட்கார்ந்தால் வெறும் கறுப்பு உருவமாகத்தான் தெரியும்.

அதனால்தான் காதை நம்பச் சொல்கிறேன். செண்பகத்தையும் குரல் கேட்ட பிறகுதானே வேலிக்குள் தேடுகிறோம்? மக்பையின் குரல் சாவிக்கொத்தைக் குலுக்கியதுபோல் கலகலக்கும், நடுவே கரகரக்கும். சிறு கூட்டமாகத் திரியும் பறவை என்பதால் ஒன்று கத்தினால் பக்கத்தில் இன்னும் சில இருக்கும். பூச்சி, பல்லி, தவளை தேடிப் பாசி படர்ந்த கிளைகளைக் கிளறும். ஒருமுறை பறவையைக் காணுமுன்பே ஈரப் பாசித் துணுக்கு ஒன்று என் தோளில் விழுந்தது. அண்ணாந்தால் தலைக்கு மேலே சிவந்த கால்கள். பாசி உதிர்ந்தால் அப்படியே நின்றுவிடுங்கள்.

சமவெளியின் ஓரத்தில் இருக்கும் 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்கு நேரே ஓடாதீர்கள், அந்தப் பாதையில் புல்வெளிதான் அதிகம். பட்டிப்பொல வழியாக வரும் வீதியில் அரெங்கா குளத்தை ஒட்டிய காட்டோரத்தில் அரை மணி நேரம் பேசாமல் நில்லுங்கள். அங்கும் கிடைக்காவிட்டால் சிங்கராஜ காட்டுக்குப் போகலாம், பார்ப்பது அங்கே இன்னும் எளிது. வழிகாட்டியிடம் 'கெஹிபெல்லா' என்று கேளுங்கள். சிங்களத்தில் அதுதான் பெயர்.

அப்புறம், ஒரு வேண்டுகோள். போனில் அதன் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். நான் சொன்ன மாதங்கள் அது கூடு கட்டும் காலம். எதிரி வந்துவிட்டதென்று கூட்டை விட்டு அலையும். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை அது.