முதல் வெள்ளி திருப்பலிக்கு வகுப்பு முழுவதும் போக வேண்டுமா?

கத்தோலிக்கப் பள்ளியில் மாதத்தின் முதல் வெள்ளியன்று நடக்கும் திருப்பலிக்கு (பூசை வழிபாட்டுக்கு), பெற்றோர் வேண்டாம் என்ற பிள்ளையை அழைத்துப் போக வேண்டியதில்லை. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில், மைனர் பிள்ளையைப் பெற்றோர் சம்மதமின்றி வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் பிரிவு 28(3) இதைத் தெளிவாகச் சொல்கிறது. “முதல் வெள்ளிக்கு வகுப்பு முழுவதும் வரணும்” என்ற தலைமையாசிரியை சிஸ்டரிடம் வகுப்பாசிரியராக இதைத் தயங்காமல் சொல்லுங்கள். 1965இல் கத்தோலிக்க ஆயர்களின் பொதுச் சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமய சுதந்திர அறிக்கையும் வற்புறுத்தல் கூடாது என்கிறது. அவருக்குச் சட்டத்தைவிட அது நெருக்கமாகப் படும்.

அவர் பிடிவாதமாக இருக்கிறார் என்று நினைக்கவில்லை. அந்த நேரத்தில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது, பெரும்பாலும் அதுதான் காரணம். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி (சமயப் பாடம்) நடக்கும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கிறதல்லவா, அதே ஏற்பாட்டை வெள்ளிக்கும் கேளுங்கள். மேற்பார்வைக்கு நீங்களே முன்வந்தால் பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

முதலில் சேர்க்கைப் படிவத்தைப் பாருங்கள். வழிபாட்டுக்குச் சம்மதம் என்று பெற்றோர் கையெழுத்திட்டிருந்தால், இப்போது விருப்பமில்லை என்று ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

திருப்பலியையே நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். சிறுபான்மையினர் தங்கள் பள்ளியை நடத்தும் உரிமை அதே அரசியலமைப்புச் சட்டத்தின் பிரிவு 30(1)இல் இருக்கிறது. அப்புறம், வராத பிள்ளையை யாரும் பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.