கீரை போல முளைத்த களைக்கு டிஎன்ஏ சோதனை வேண்டுமா?

கேள்வி: ஆத்தூர் பக்கம் மரவள்ளி நட்டு ஒரு மாதம் ஆகிறது. வெளியில் வாங்கிய தொழு உரம் போட்ட இடத்தில் மட்டும் கீரை மாதிரி ஒரு களை மண்டிக் கிடக்கிறது. தண்டு சிவப்பு, இன்னும் பூக்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் முள்ளுக்கீரை என்கிறார், மருந்துக் கடையில் வேறு பெயர் சொல்கிறார்கள். டிஎன்ஏ பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறான் மகன். பெயர் தெரிந்தால் மருந்து வாங்கிவிடுவேன். என்ன செய்யலாம்?

பதில்: மகன் சொல்வது சரிதான். இலையின் பசுங்கணிகத்தில் (பச்சையம் இருக்கும் நுண்ணுறுப்பு) உள்ள ஆர்பிசிஎல், மேட்கே என்ற இரண்டு மரபணுக்களில் ஒரு பகுதியைப் படித்து, பெயர் உறுதியான செடிகளின் பதிவோடு ஒப்பிடுவார்கள். நிலத்தாவரங்களுக்கு இவ்விரண்டையும் பொது அடையாளமாக 2009-இல் பரிந்துரைத்தார்கள். பூ இல்லாத நாற்று, விதை, வேர்த்துண்டு எதுவானாலும் போதும்.

ஆனால் உங்கள் களைக்கு நான் காசு செலவழிக்கச் சொல்ல மாட்டேன். கீரை இனங்கள் நெருங்கிய பங்காளிகள். இந்த இரண்டு மரபணுக்களை மட்டும் பார்த்தால் ‘அமராந்தஸ்’ (கீரைகளின் பொதுப் பேரினப் பெயர்) என்ற அளவிலேயே பதில் நின்றுவிடலாம். பசுங்கணிகம் பெரும்பாலும் தாய்ச்செடி வழியே வருவதால் இரண்டு இனம் கலந்து பிறந்த செடியா என்பதும் பிடிபடாது. எந்த மருந்துக்குச் சாகும் என்பதையும் இந்தச் சோதனை சொல்லாது.

இரண்டு நாற்றைத் தொட்டியில் வைத்து வளர விடுங்கள். இலைக்கணுவில் ஜோடி முள் வந்தால் முள்ளுக்கீரை. வராவிட்டால் குப்பைக்கீரையாக இருக்கலாம். எதுவானாலும் வைத்தியம் ஒன்றே: பூப்பதற்குள் கொத்திவிடுங்கள். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். நட்ட முதல் மூன்று மாதம் மாதமொரு களையெடுப்பு தவறக் கூடாது. கடைக்காரர் 2,4-டி கொடுத்தால் வாங்காதீர்கள். அது அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும், மரவள்ளியும் அந்த வகைதான்.

வந்த வழி தொழு உரம்தான் என்று நினைக்கிறேன். மாட்டின் வயிற்றில் போய் வந்தும் இந்த விதை முளைக்கும். அடுத்த முறை குவியலை ஈரமாக வைத்து, புரட்டிப் போட்டு, உள்ளே நன்றாகச் சூடேறி மக்கிய பிறகு போடுங்கள்.

பூத்த பிறகும் அடையாளம் பிடிபடாவிட்டால், பூவோடு செடியைச் செய்தித்தாளில் அழுத்தி உலர்த்தி, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்துக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். வாங்கிய விதையில் வேற்று விதை கலந்திருந்து வழக்கு என்று வந்தால்தான் டிஎன்ஏ சோதனைக்கு வேலை. அப்போது இலையை ஈரத்தோடு பாலித்தீன் பையில் கட்டாமல், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டு உலர்த்திக் கொடுங்கள். அழுகினால் டிஎன்ஏ சிதைந்துவிடும்.